கரிசலுக்கு ஒரு கரைப்பான், செவலுக்கு ஒரு கரைப்பான்: நேரயனிப் பரிமாற்றத் திறனை அளக்கும்போது எதை வைத்துக் கழுவுவது?

நெல்லைச் சீமைக் கல்லூரிகளில் வேதியியல், மண்ணியல் மாணவர்கள் நேரயனிப் பரிமாற்றத் திறனை, அதாவது மண் எவ்வளவு நேர்மின் அயனிகளைப் பிடித்து வைத்து மாற்றிக்கொள்ளும் என்பதை, அளக்கும் ப்ராஜெக்ட்டுக்கு மண் எடுக்கக் கிளம்பும் காலத்தில் ஒரே கேள்விதான் பல வாயிலிருந்து வரும். "சார், செய்முறையில எத்தனால் வச்சுக் கழுவணும்னு போட்டிருக்கு. லேப்ல எத்தனால் இல்ல. ஐசோபுரோப்பனால் ஊத்துனா ஆகுமா? அசிட்டோன்? வெறும் டிஸ்டில்டு வாட்டர் போதாதா?"

பாட்டிலை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. எந்த ஊர் மண், அதில் எந்த அயனியை ஏற்றப் போகிறீர்கள் என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். கோவில்பட்டி, விளாத்திகுளம், சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் ஒரு மாதிரி. ராதாபுரம், நாங்குநேரிச் செவல் இன்னொரு மாதிரி. திசையன்விளைத் தேரிமணலும் தாமிரபரணிக் கரை வண்டலும் வேறு வேறு. திருநெல்வேலி மாவட்டம் 1986இலும் 2019இலும் பிரிந்து இவையெல்லாம் மூன்று நிர்வாகத்துக்குப் போய்விட்டன. ஆனால் ஒரே ப்ராஜெக்ட்டில் இந்த நாலு மண்ணும் வந்து நிற்பது இன்றும் சாதாரணம். அப்போது நாலுக்கும் ஒரே பாட்டிலைத் திறப்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

## கழுவும்போது என்ன நடக்கிறது

களிமண் கனிமத்தின் தகடுகளில் எதிர்மின்சுமை இருக்கிறது. அதை ஈடுகட்டக் கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம் ஆகிய நேரயனிகள் மேற்பரப்பிலும் தகடுகளுக்கு இடையிலும் ஒட்டியிருக்கின்றன. அவற்றையெல்லாம் விரட்டிவிட்டு ஒரே வகை அயனியை ஏற்றுகிறோம். பெரும்பாலும் அது சோடியம் அல்லது அம்மோனியம். பிறகு மண்ணில் தங்கிவிட்ட அதிகப்படி உப்புக் கரைசலைக் கழுவி எடுக்கிறோம். கடைசியில் ஏற்றிய அயனியை வேறொரு அயனியால் இறக்கி அளக்கிறோம். கரைப்பான் என்ற கேள்வி நடுவில் வரும் அந்தக் கழுவலில்தான் எழுகிறது.

கழுவலில் இரண்டு பிழைகள் வரலாம், இரண்டும் எதிரெதிர்த் திசையில். உப்பு முழுவதும் போகாவிட்டால் விடை கூடும். அளவுக்கு மீறிக் கழுவினாலோ, கழுவும் திரவம் தண்ணீராக இருந்தாலோ, ஏற்றிய சோடியமே நீராற்பகுப்பில் இறங்கி அந்த இடத்தில் ஹைட்ரஜன் அயனி உட்காரும், விடை குறையும். சில நேரம் இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று மறைத்துச் 'சரியான' எண்ணைத் தந்துவிடும். ஒரே ஒரு விடையை மட்டும் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் அதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

கரிமக் கரைப்பான் உதவுவதற்குக் காரணம் அதன் மின்காப்பு மாறிலி. இரண்டு மின்சுமைகளுக்கு இடையிலுள்ள ஈர்ப்பு இந்த மாறிலிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். தண்ணீருக்கு 78, எத்தனாலுக்கு 24. அப்படியென்றால் எத்தனாலுக்குள் சோடியத்தைத் தகடு பிடித்து வைத்திருக்கும் பிடி மூன்று மடங்குக்கும் மேல். அயனி விலகி உலாவும் மின் இரட்டை அடுக்கும் ஒடுங்கிவிடும். களித் துகள்கள் பிரிந்து மிதக்காமல் திரண்டு அடியில் படியும். இதே காரணத்தால்தான் உப்புகளும் எத்தனாலில் சரியாகக் கரைவதில்லை. உப்புப் படிகத்துக்குள்ளும் இருப்பது அதே ஈர்ப்புதான். அயனி மண்ணில் நிற்கவும் வேண்டும், உப்பு வெளியே போகவும் வேண்டும். இந்த இழுபறிதான் விஷயம் முழுதும்.

## எதையெல்லாம் வைத்து எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் ஏற்றும் உப்பு அந்தக் கரைப்பானில் கரையுமா என்பது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். அடுத்து, ஏற்றிய அயனி எவ்வளவு உறுதியாக நிற்கும். களிமண் திரண்டு படியுமா, கலங்கி மிதக்குமா. சுண்ணாம்புள்ள மண்ணில் கால்சியம் கார்பனேட் கரைந்து கணக்கைக் கெடுக்குமா. கடைசியாக நடைமுறைச் சங்கதிகள்: அனுமதி, தீ ஆபத்து, வடியும் வேகம், அளவிடும் கருவியோடு ஒத்துப்போவது.

| கரைப்பான் | மின்காப்பு மாறிலி (25 டிகிரியில்) | பாகுநிலை (மில்லிபாஸ்கல்-நொடி) | கொதிநிலை (டிகிரி) | சோடியம் அசிடேட் கரையுமா? |
|---|---|---|---|---|
| தண்ணீர் | 78 | 0.9 | 100 | தாராளமாக |
| மெத்தனால் | 33 | 0.5 | 65 | நன்றாக |
| எத்தனால் | 24 | 1.1 | 78 | போதுமான அளவு |
| ஐசோபுரோப்பனால் | 19 – 20 | 2.0 | 82 | குறைவாக |
| அசிட்டோன் | 21 | 0.3 | 56 | அநேகமாக இல்லை |

மாறிலி குறைந்தால் நல்லது என்று இந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தால் அசிட்டோனும் ஐசோபுரோப்பனாலும் வென்றுவிடும். பட்டியலின் கடைசி நெடுவரிசையை முதலில் படியுங்கள்.

## தண்ணீர்

காசு வேண்டாம், அனுமதி வேண்டாம், தீப்பிடிக்காது. நாம் ஏற்றும் உப்பெல்லாம் கரையும். ஆனால் சோடியம் ஏற்றிய கரிசலைத் தண்ணீரில் கழுவினால் முதல் தடவை தெளிவாக வடியும், அடுத்த தடவையோ அதற்கடுத்ததோ மேலே நிற்கும் நீர் கலங்கத் தொடங்கும். உப்பின் செறிவு குறையக் குறைய கரிசலில் உள்ள ஸ்மெக்டைட் என்ற களிக் கனிமத்தின் தகடுகள் தனித்தனியாகப் பிரிந்து மிதக்கும். சென்ட்ரிஃப்யூஜ் எவ்வளவு சுற்றினாலும் அவை முழுவதும் படியாது. நீங்கள் கொட்டுவது உப்பு நீர் மட்டுமல்ல, பரிமாற்றத் திறன் மிகுந்த நுண்களியையும் சேர்த்துத்தான். இதன் மேல் நீராற்பகுப்பு இழப்பு வேறு. காற்றிலிருந்து கரைந்த கார்பன் டைஆக்சைடு தண்ணீருக்குக் கொடுக்கும் அமிலத்தன்மை அதற்குத் துணை.

அப்படியானால் தண்ணீரே கூடாதா? கால்சியம், பேரியம் போன்ற இரட்டைச் சுமை அயனியை ஏற்றியிருந்தால் தண்ணீர் பெரும்பாலும் தாங்கும். அவை எளிதில் இறங்குவதில்லை; களியும் திரண்டே நிற்கும். பேரியம் குளோரைடு எத்தனாலில் கரைவதே இல்லை என்பதால் அங்கே தண்ணீர்தான் வழி. ஒரு நிபந்தனை: அது உண்மையிலேயே அயனி நீக்கிய நீராக இருக்க வேண்டும். கரிசல் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு ஊரறிந்தது. அதில் ஓடும் பழைய டிஸ்டிலேஷன் கருவியின் நீரை மின்கடத்துமானியில் ஒரு தடவை பார்த்துவிட்டு எடுங்கள்.

## எத்தனால்

1950களில் அமெரிக்க வேளாண் துறை உவர், களர் மண்ணுக்கு வகுத்த சோடியம் அசிடேட் முறை இன்றும் நம் ஆய்வகங்களில் ஓடுகிறது. பி.எச். 8.2இல் ஒரு நார்மல் செறிவுள்ள சோடியம் அசிடேட்டை நாலு தடவை ஏற்றி, 95 விழுக்காடு எத்தனாலில் மூன்று தடவை கழுவி, அம்மோனியம் அசிடேட்டால் இறக்குவது. கடைசிக் கழுவலின் மின்கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 40 மைக்ரோமோவுக்குக் கீழே வர வேண்டும் என்ற அளவுகோலும் அதிலேயே இருக்கிறது. பலர் இந்த ஒரு வரியைத் தாண்டிவிட்டு மூன்று தடவை என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள்.

மூன்று ஏன் போதும் என்று கணக்குப் போடலாம். 5 கிராம் மண்ணில் 3 மி.லி. கரைசல் தங்குகிறது என்று வைப்போம். அது ஒரு நார்மல் என்றால் 3 மில்லிமோல் சோடியம். ஒரு கிலோ மண்ணுக்கு 60 சென்டிமோல். கரிசலின் மொத்தத் திறனே பெரும்பாலும் 40இலிருந்து 60 வரைதான் என்பதை நினைவில் வையுங்கள். 30 மி.லி. எத்தனால் ஊற்றி நன்றாகக் கலக்கி வடித்தால் மிச்சம் பதினொன்றில் ஒரு பங்கு: 5.5. இரண்டாம் கழுவலில் 0.5. மூன்றாவதில் 0.05. கரிசலுக்கு இரண்டாம் கழுவலோடு நிறுத்தினாலும் பிழை ஒரு விழுக்காடுதான். திறன் 5 மட்டுமே உள்ள செவலுக்கு அதே 0.5 பத்து விழுக்காடு.

இந்தக் கணக்கு பலிக்க வேண்டுமானால் எத்தனால் மண்ணுக்குள் முழுவதும் புக வேண்டும். அது எப்போதும் நடப்பதில்லை. எத்தனால் பட்டதும் களி சட்டென்று இறுகித் திரளும். கட்டி தட்டிய கூழுக்குள் மாவு வேகாமல் கிடப்பது போல அந்தத் திரளுக்குள் உப்புக் கரைசல் மாட்டிக்கொள்ளும். குழாயைக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதாது. கண்ணாடிக் குச்சியால் அடிக்கட்டியை உடைத்து, வோர்டெக்ஸ் கலக்கியில் வைத்து, ஐந்து நிமிடம் குலுக்க வேண்டும். கரிசலில் இதை விட்டால் அடுத்தடுத்த மாதிரிகளின் எண்கள் காரணமில்லாமல் மேலும் கீழும் போகும்.

எத்தனாலின் மறைமுகச் செலவுகளைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதிரிக்கு 90 மி.லி. வீதம் 40 மாதிரியை இரட்டையாகச் செய்தால் 7.2 லிட்டர். தமிழ்நாட்டில் எத்தனால் மதுவிலக்கு விதிகளுக்கு உட்பட்டது. கல்லூரிக்கு உரிமமும் இருப்புப் பதிவேடும் வேண்டும். விண்ணப்பம் நகரும் வேகத்தைப் பார்த்தால் ப்ராஜெக்ட் முடிந்த பிறகு எத்தனால் வந்து சேரலாம். இதற்குப் பயந்து கடையில் கிடைக்கும் மெதிலேட்டட் ஸ்பிரிட்டை ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில் குடிக்க முடியாதபடி சேர்க்கும் பொருள்களில் பிரிடின் போன்ற காரங்கள் இருக்கக்கூடும். பிரிடின் ஒரு புரோட்டானை வாங்கிக்கொண்டு நேரயனியாகி, நீங்கள் ஏற்றிய சோடியத்தை இறக்கிவிட்டுத் தானே தகட்டில் உட்காரும். பரிமாற்றத்தை அளக்கும் இடத்திலேயே இன்னொரு பரிமாற்றம்.

மண்ணில் எத்தனால் தங்கியபடியே இறக்கு கரைசலை ஊற்றி சுடரின் ஒளியை வைத்துச் சோடியத்தை அளக்கும் ஃப்ளேம் ஃபோட்டோமீட்டருக்குக் கொண்டுபோனால் சோடியம் அளவு கூடிக் காட்டும், ஏனென்றால் கரிமக் கரைப்பான் சுடரின் ஒளியை மாற்றும். குழாயைக் கவிழ்த்து நன்றாக வடித்துவிடுங்கள். இல்லையென்றால் திட்டக் கரைசலிலும் அதே அளவு எத்தனால் சேருங்கள். பழைய எத்தனால் அமிலமாகியிருக்கலாம், பயன்படுத்துமுன் பி.எச். பார்த்து நடுநிலையாக்குவது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும், சோடியம் அசிடேட் ஏற்றிய கரிசலுக்கு எத்தனாலுக்கு மேல் எதையும் நான் சொல்லமாட்டேன்.

## மெத்தனால்

வேதியியலில் மட்டும் மதிப்பெண் போட்டால் மெத்தனால் எத்தனாலை நெருங்கி வரும், சில இடங்களில் முந்தும். உப்புகளைக் கூடுதலாகக் கரைக்கும். பாகுநிலை பாதிதான் என்பதால் களிமண்ணில் சீக்கிரம் வடியும். மாறிலி 33 என்பதால் நீராற்பகுப்பு எத்தனாலை விடச் சற்றுக் கூடலாம், தண்ணீரோடு ஒப்பிட்டால் பொருட்படுத்தத் தேவையில்லை.

ஆனால் மாணவர் ஆய்வகத்தில் லிட்டர் கணக்கில் மெத்தனாலைத் திறந்து வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. உடலில் ஃபார்மிக் அமிலமாகிப் பார்வையைப் பறிப்பது அது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளை யாரும் மறக்கவில்லை. தமிழ்நாட்டில் அதற்கும் தனி விதிகள், உரிமம் உண்டு. ஆகவே அனுமதித் தொல்லையிலிருந்து தப்ப எத்தனாலை விட்டு மெத்தனாலுக்குப் போவதில் லாபம் எதுவும் இல்லை. புகைப்போக்கி அலமாரியும் பதிவேடும் ஒழுங்காக உள்ள ஆய்வகம் சில மாதிரிகளுக்குப் பயன்படுத்தலாம், அவ்வளவே.

## ஐசோபுரோப்பனால்

கேள்வி கேட்பவர்களில் பாதிப்பேருக்கு உண்மையில் வேண்டியது இதன் பதில்தான். எளிதாகக் கிடைக்கிறது, மதுவிலக்கு உரிமத் தலைவலி இல்லை. 1960களிலேயே அம்மோனியம் அசிடேட் முறையின் ஒரு வடிவத்தில் 99 விழுக்காடு ஐசோபுரோப்பனாலை வைத்துத்தான் கழுவினார்கள். ஆகவே இது ஆபத்துக்குப் பாவமில்லை என்று எடுக்கும் மாற்று அல்ல, முறையான வழியே.

எல்லை எங்கே என்றால் உப்பில். அம்மோனியம் உப்பை ஏற்றிய செவலுக்கும் வண்டலுக்கும் நன்றாக வேலை செய்யும். அம்மோனியம் அசிடேட்டுக்குப் பின் நீர்த்த அம்மோனியம் குளோரைடு ஊற்றிவிட்டுக் கழுவத் தொடங்கினால், வடிநீரில் வெள்ளி நைட்ரேட் விட்டுக் குளோரைடு போய்விட்டதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். சோடியம் அசிடேட் ஏற்றிய கரிசலுக்கு மட்டும் தயங்குங்கள். கரைதிறன் குறைவு, பாகுநிலை எத்தனாலைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. இறுகிய களிக்கட்டிக்குள் அது புகுவதற்குள் பொறுமை போய்விடும். வேறு வழியில்லை என்றால் தண்ணீர் கொஞ்சம் கலந்து பயன்படுத்தலாம், ஆனால் கழுவல் எண்ணிக்கையைக் கூட்டி, ஒவ்வொரு தடவையும் மின்கடத்துத்திறன் பார்த்தபடி.

## அசிட்டோன்

வேண்டாம். சோடியம் அசிடேட் அதில் அநேகமாகக் கரையாது. மண் துளையிலேயே உப்பு படிந்து நின்று, கடைசியில் இறக்கு கரைசலில் கரைந்து விடையை ஏற்றிவிடும். பாலிஸ்டைரீன், பாலிகார்பனேட் குழாய்களை அரிக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், மின்விசிறிக்குக் கீழே, சாதாரண சென்ட்ரிஃப்யூஜில் அசிட்டோன் ஆவி என்பது விபத்துக்கு அழைப்பு. எத்தனாலில் உப்பெல்லாம் போன பிறகு, எடை போடுவதற்காக மண்ணைச் சீக்கிரம் உலர்த்த ஒரு தடவை ஊற்றுவது மட்டும் சரி.

## கழுவாமலே முடிக்கும் வழிகள்

மண் சுக்கான்கல் (சுண்ணாம்புக் கட்டி) நிறைந்த கரிசல் என்றால் 1977இல் பொலேமியோவும் ரோட்ஸும் வெளியிட்ட முறையைப் பாருங்கள். அதிலும் எத்தனால் உண்டு, ஆனால் கழுவ அல்ல. 0.4 நார்மல் சோடியம் அசிடேட், 0.1 நார்மல் சோடியம் குளோரைடு இரண்டையும் 60 விழுக்காடு எத்தனாலிலேயே கரைத்து ஏற்றுவார்கள். எத்தனால் இருப்பதால் கால்சியம் கார்பனேட்டும் ஜிப்சமும் கரைவது வெகுவாகக் குறைகிறது. கரைந்த கால்சியம் சோடியத்தோடு இடத்துக்குப் போட்டி போடுவதும் குறைகிறது. பிறகு கழுவாமல் நேரே மக்னீசியம் நைட்ரேட்டால் இறக்கிச் சோடியம், குளோரைடு இரண்டையும் அளப்பார்கள். ஏற்று கரைசலில் சோடியம் 0.5, குளோரைடு 0.1. ஆகவே தங்கிய குளோரைடு ஒன்றுக்கு ஐந்து வீதம் சோடியத்தைக் கழித்தால் மிச்சம் பரிமாற்றத்தில் இருந்தது. உப்பு மிச்சம், நீராற்பகுப்பு என்ற இரண்டு பிழையையும் ஒரே அடியில் ஒதுக்கும் யோசனை இது. விலை, கூடுதலாக ஒரு குளோரைடு டைட்ரேஷன். எத்தனால் செலவு முழுதாக மறையவில்லை என்பதையும் கவனியுங்கள்.

எத்தனாலே வேண்டாம் என்றால் பேரியம் குளோரைடு ஏற்றி மக்னீசியம் சல்ஃபேட்டால் இறக்கும் 1979ஆம் ஆண்டு கில்மேன் முறை இருக்கிறது. பேரியம் சல்ஃபேட்டாகப் படிவதே பரிமாற்றத்தை முடித்து வைக்கும். அது வெப்பமண்டலத்து முதிர்ந்த மண்ணை நினைத்து வகுத்தது. ஆகவே சுண்ணாம்பு மிகுந்த கரிசலை விடச் செவலுக்குத்தான் பொருந்தும். பேரியம் நஞ்சு, கழிவைத் தனியே சேர்க்க வேண்டும். கோபால்ட் ஹெக்சமீன் இன்னொன்று: ஒரே குலுக்கலில் முடியும், ஆரஞ்சு நிறம் எவ்வளவு குறைந்தது என்று நிறமானியில் பார்த்தால் விடை. வேதிப்பொருளின் விலையைக் கேட்டதும் பலர் பின்வாங்கிவிடுவார்கள், பத்துப் பதினைந்து மாதிரிக்கு என்றால் மட்டும் கட்டும்.

## எந்த மண்ணுக்கு எது

கரிசல்: சோடியம் அசிடேட், 95 விழுக்காடு எத்தனால், குச்சியால் கட்டி உடைப்பது. சுண்ணாம்பும் ஜிப்சமும் அதிகம் என்றால் 60 விழுக்காடு எத்தனால் முறை. பி.எச். 7 அம்மோனியம் அசிடேட்டை இங்கே தவிருங்கள். அது சுண்ணாம்பைக் கரைக்கும்.

செவல்: கயோலினைட் என்ற களிக் கனிமம் மிகுந்த மண், திறன் குறைவு, மின்சுமையில் ஒரு பகுதி பி.எச்.சுக்கு ஏற்ப மாறும். பி.எச். 8.2இல் அளந்தால் வயலில் இல்லாத சுமையையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள். அம்மோனியம் அசிடேட்டும் ஐசோபுரோப்பனாலும் போதும். இங்கே பயப்பட வேண்டியது மிச்ச உப்புக்கு. நாலாவது கழுவலுக்குச் சோம்பல் வேண்டாம்.

தேரி: மணல். எதில் கழுவினாலும் சீக்கிரம் வடியும். மண்ணின் எடையை 5 கிராமிலிருந்து 15, 20 ஆக்குங்கள். கரைப்பானை மாற்றுவதை விட அது கூடுதல் பலன் தரும்.

தாமிரபரணி வண்டல்: கலப்புக் கனிமம், கரிமப் பொருளும் உண்டு. எத்தனாலோ ஐசோபுரோப்பனாலோ, இரண்டும் சரி. வடிநீர் லேசாக மஞ்சளானால் மட்கின் சிறு பகுதி கரைகிறது என்று பொருள், பதற வேண்டாம்.

கழுவுவதற்கு இல்லாமல், எத்தனால் விழுக்காடு கூடும்போது சோடியம்–கால்சியம் பரிமாற்றச் சமநிலை எப்படி மாறுகிறது என்பதே உங்கள் தலைப்பு என்றால் இந்தத் தேர்வெல்லாம் பொருந்தாது. அங்கே மின்காப்பு மாறிலியை மட்டும் நம்பி விளக்கம் எழுதாதீர்கள். இரட்டை அடுக்குக் கணக்குப்படி மாறிலி குறையும்போது இரட்டைச் சுமை அயனிக்குச் சாதகம் கூட வேண்டும். ஆனால் கரைசலில் அயனிகள் சோடி சேர்வதும், அயனியைச் சுற்றிய நீர் உறை கழன்று எத்தனால் ஏறுவதும், தகடுகளின் இடைவெளி ஒடுங்குவதும் கூடவே நடக்கின்றன. எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் தகட்டு இடைவெளியையும் அளந்தால்தான் எதனால் எது என்று பிரிக்க முடியும்.

எந்தக் கரைப்பானை எடுத்தாலும் ஒரே மண்ணை மூன்று, ஐந்து, ஏழு தடவை கழுவி மூன்று விடைகளையும் வரைந்து பாருங்கள். முதலில் சரிந்து பிறகு சமமானால் சரிந்த பகுதி மிச்ச உப்பு. சமமான இடமே உங்கள் கழுவல் எண்ணிக்கை. ஏழிலும் சரிந்துகொண்டே போனால் ஏற்றிய அயனி இறங்குகிறது அல்லது களி கலங்கிப் போகிறது, கரைப்பானை மாற்ற வேண்டும். ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் விடை ஏறினால் குழாயில் கட்டி உடையாமல் இருந்திருக்கிறது. அந்த மாதிரியைத் திரும்பச் செய்யுங்கள்.